நெட்வொர்க்குக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எப்படி: அறிவு வரைபடம் முதல் தானாகத் திருத்திக்கொள்வது வரை

இரவு ஒன்றரை மணி. நாக் ரூமில் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் அறை) திரை முழுக்கச் சிவப்பு. ஓர் ஊரை மற்ற இடங்களோடு இணைக்கும் இரண்டு லிங்க்கும் ஒரே நொடியில் விழுந்திருந்தன. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்றுதான் இரண்டாகப் போட்டிருந்தோம். டிராயிங்கிலும் இரண்டும் வேறு வேறு பாதை என்றே இருந்தது. ஷிப்டில் இருந்த நாங்கள் ரூட்டர், கார்டு, மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, அலாரம் நூற்றுக்கணக்கில் குவிந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட சீனியர் போனில் இரண்டே கேள்வி கேட்டார்: "ரெண்டு முனையிலயும் லைட் இல்லையா? பாலத்துக்கிட்ட ஏதாவது வேலை நடக்குதா?"

நடந்துகொண்டிருந்தது. ஜேசிபி ஒரே வாரில் டக்டை, அதாவது கேபிள்கள் போகும் குழாயை, தூக்கிவிட்டது. ஊருக்குள் வேறு வேறு தெருவில் போகும் இரண்டு கேபிளும் ஆற்றைக் கடக்கும் இடத்தில் மட்டும் ஒரே டக்டில் போகின்றன என்பது அவருக்குத் தெரியும். எங்களுடைய எந்த சிஸ்டத்துக்கும் தெரியாது.

தரவுக்கு அன்றும் பஞ்சமில்லை. ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பாக்கெட் போனது என்பது வரை சேகரித்து வைத்திருந்தோம். எது எதை நம்பி நிற்கிறது, எது எப்படி இருந்தாக வேண்டும் என்ற இரண்டும்தான் எழுத்தில் இல்லை. அந்த இரண்டையும் இயந்திரம் படிக்கும்படி அறிவு வரைபடமாக (பொருள்களையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் பதியும் வலை) எழுதி வைத்து, அதை வைத்து நெட்வொர்க் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும்படி செய்வது எப்படி என்பதே இந்த வழிகாட்டி.

யோசனை புதிதல்ல. கணினி அமைப்புகள் தம்மைத் தாமே நிர்வகிக்க வேண்டும் என்று ஐபிஎம் 2001-இல் பேசத் தொடங்கியது. கவனி, ஆராய், திட்டமிடு, செய் என்ற நான்கு கட்டச் சுழற்சி அங்கிருந்து வந்ததுதான். அந்த நான்குக்கும் நடுவில் எல்லோரும் பார்த்துப் பேசும் பொது அறிவுக் களஞ்சியம் ஒன்று உண்டு. 2003-இல் இணைய வடிவமைப்பு ஆய்வாளர் டேவிட் கிளார்க்கும் மூன்று சகாக்களும் இணையத்துக்கே ஓர் 'அறிவுத் தளம்' வேண்டும் என்று எழுதினார்கள். இணையத்தின் மையம் பாக்கெட்டைத் தள்ளிவிடும், ஆனால் தான் எதற்காகத் தள்ளுகிறோம் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஏதாவது உடைந்தால் ஏன் என்று சொல்லவும் தெரியாது. இது அவர்களுடைய ஆதங்கம். அப்புறம் ரூட்டர்களுக்கு மாற்றங்களை அனுப்பும் நெட்கான்ஃப் வந்தது, அந்த அமைப்பை விவரிக்கும் யாங் மாடல்கள் வந்தன. இவை ஒரு ரூட்டரின் கான்ஃபிகரேஷன் எந்த வடிவில் இருக்கும் என்பதை நன்றாகச் சொல்கின்றன. பாலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை.

முதல் படி: கேள்விகளை எழுதுங்கள்

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நேராகப் போய் ஆன்டாலஜி (என்னென்ன வகைப் பொருள்கள், அவற்றுக்குள் என்ன உறவு என்ற வரையறை) எடிட்டரைத் திறந்து, உலகத்தில் உள்ள எல்லாக் கருவிக்கும் வகுப்பு எழுதத் தொடங்குவார்கள். ஆறு மாதம் கழித்து அழகான மரம் ஒன்று இருக்கும், அதைக் கேட்க யாரிடமும் கேள்வி இருக்காது. நானும் ஒருமுறை அப்படி ஒரு மரம் வளர்த்திருக்கிறேன்.

பழைய டிக்கெட்டுகளை (கோளாறுப் பதிவுகளை) எடுத்து, ஒவ்வொன்றிலும் பிரச்சினையைத் தீர்த்தவர் தனக்குள் என்ன கேட்டுக்கொண்டார் என்று பாருங்கள். எனக்குக் கிடைத்தவை இப்படி இருந்தன: இந்த டக்ட் அறுந்தால் யார் யாருக்குச் சேவை போகும்? இந்த இரண்டு பாதைகளும் எங்காவது சேர்கின்றனவா? இப்போது விழுந்திருக்கும் ஐந்துக்கும் பொதுவான காரணம் எது? நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் என்ன வேறுபாடு? இந்த லிங்க்கை இப்போது நிறுத்தினால் மீதி தாங்குமா? ஐந்தாறு போதும். இவற்றில் எதற்கும் உதவாத தகவலை இப்போதைக்கு மாடலுக்குள் விட வேண்டாம்.

இரண்டாம் படி: சொற்களைப் பிரியுங்கள்

அறிவு வரைபடத்தில் ஒவ்வொரு செய்தியும் மூன்று துண்டு: எழுவாய், உறவு, செயப்படுபொருள். ஆர்டிஎஃப் என்ற தரம் இதைத்தான் சொல்கிறது. நம் பால உதாரணம் இப்படி இருக்கும்:

லிங்க்-1 — செல்கிறது — கேபிள்-12
கேபிள்-12 — கிடக்கிறது — டக்ட்-பாலம்
லிங்க்-2 — செல்கிறது — கேபிள்-30
கேபிள்-30 — கிடக்கிறது — டக்ட்-பாலம்

(ஆர்டிஎஃப் பெயர்களில் யூனிகோடு செல்லும் என்பதால் இவற்றைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் சோதனைக்கு வைத்திருக்கும் வரைபடம் அப்படித்தான் ஓடுகிறது.)

அன்றாடப் பேச்சில் நாம் எல்லாவற்றையும் 'லிங்க்' என்று சொல்லிவிடுகிறோம். ஃபைபர் அறுந்தாலும் லிங்க் டவுன், ஓஎஸ்பிஎஃப்பில் (ரூட்டர்கள் தமக்குள் பாதைகளைப் பேசிக்கொள்ளும் ப்ரோட்டோகால்) அண்டை ரூட்டர் போனாலும் லிங்க் டவுன். மாடலில் இந்தச் சோம்பேறித்தனம் கூடாது. மண்ணில் கிடக்கும் டக்ட், அதற்குள் ஓடும் கேபிள், கேபிளுக்குள் இருக்கும் இழை, இழையின் மேல் ஓடும் ஒளி, அதன் மேல் நிற்கும் ஐபி லிங்க், அதை நம்பி இருக்கும் சேவை என ஒவ்வொன்றையும் தனித்தனி வகுப்பாக வையுங்கள். ஒன்று உயிரோடு இருக்க இன்னொன்று செத்திருக்க முடியும் என்றால் இரண்டும் வேறு பொருள்; இதுதான் என் அளவுகோல்.

அடுத்து, எல்லா உறவுக்கும் மேலே 'சார்ந்திருக்கிறது' என்று ஒரு பொது உறவை வையுங்கள். 'செல்கிறது', 'கிடக்கிறது', 'செருகப்பட்டிருக்கிறது' எல்லாம் அதன் பிள்ளைகள். கேள்வி கேட்கும்போது தாய் உறவை மட்டும் கேட்டால் போதும்.

ஒரு சேவை இரண்டு பாதைகளைச் சார்ந்திருக்கிறது என்று சும்மா எழுதினால், ஒரு பாதை போனாலே சேவை போய்விடும் என்று வரைபடம் புரிந்துகொள்ளும். 'இரண்டும் வேண்டும்' என்பதும் 'ஏதாவது ஒன்று போதும்' என்பதும் வேறு. நடுவில் 'மாற்றுக் குழு' என்று ஒரு முனையை (வரைபடத்தில் ஒரு புள்ளியை) வைத்து, சேவை அந்தக் குழுவைச் சார்ந்திருக்கிறது, குழுவில் இந்த இரண்டும் உறுப்பினர், குறைந்தது ஒன்று உயிரோடு வேண்டும் என்று எழுதுங்கள். இந்த ஒரு முனை இல்லாமல் கட்டிய முதல் பதிப்பு எங்களிடம் ஒரு வாரம் ஓடியது. எந்தச் சிறு கோளாறுக்கும் 'எல்லாச் சேவையும் போச்சு' என்று கத்தியது. மூன்றாம் நாளே அதைப் பார்ப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் படி: செய்திகளை நிரப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் மூலமும் நேரமும் எழுதுங்கள்

அண்டையில் யார் என்பதை எல்எல்டிபி (பக்கத்துக் கருவிக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் ப்ரோட்டோகால்) சொல்லும். ரூட்டிங் எப்படி நிற்கிறது என்பதை ஓஎஸ்பிஎஃப் தரவுத்தளமும் பிஜிபியும் (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதைகளை அறிவிக்கும் ப்ரோட்டோகால்) சொல்லும். எந்த ரேக்கில் எந்தப் பெட்டி, எந்தப் போர்ட்டில் எந்தக் கேபிள் என்பதற்கு நெட்பாக்ஸ் மாதிரி ஒரு பதிவேட்டு மென்பொருளோ, பெரும்பாலும் ஓர் எக்செல் ஷீட்டோ இருக்கும். டக்டைப் பற்றி எந்த ப்ரோட்டோகாலும் பேசாது. அதற்கு ஃபைபர் டீமோடு உட்கார்ந்து டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டு எழுதுவதுதான் வழி. மொத்த வேலையில் அதிக நேரம் பிடிப்பதும் இதுதான், அதிகப் பலன் தருவதும் இதுதான்.

வருகிற செய்தியை ஒரே குவியலாகக் கொட்டாதீர்கள். மூன்று பெட்டி வேண்டும். 'இருக்க வேண்டியது' ஒன்று, 'பார்த்தது' ஒன்று, 'ஊகித்தது' ஒன்று. ஆர்டிஎஃப்பில் இதற்கென்றே பெயரிட்ட வரைபடங்கள் உண்டு. ரூட்டர் உலகமும் இதே முடிவுக்கு வந்திருக்கிறது: 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8342 என்ற இணையத் தர ஆவணம், ஒரு கருவியில் நாம் விரும்பிய நிலையையும் அது நிஜத்தில் ஓடும் நிலையையும் தனித்தனிக் களஞ்சியமாகப் பிரிக்கிறது. இரண்டையும் கலந்துவிட்டால், எது பிழை என்ற கேள்வியையே கேட்க முடியாமல் போய்விடும். நெட்பாக்ஸ் போர்ட்-7 என்கிறது, எல்எல்டிபி போர்ட்-9 என்கிறது. இந்த முரண்பாடே ஒரு செய்தி. யாரோ இரவில் கேபிளை மாற்றிச் செருகிவிட்டுக் காலையில் பதிய மறந்திருக்கிறார்.

'பார்த்தது' பெட்டியில் ஒவ்வொரு செய்திக்கும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்பது கட்டாயம். பத்து நிமிடத்துக்கு முன்பு உயிரோடு இருந்த லிங்க் இப்போதும் உயிரோடு இருப்பதாக நினைத்து ஒரு தானியங்கி முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: சரிபார்ப்பு

அவுல் என்ற ஆன்டாலஜி மொழியில் எழுதுபவர்கள் இங்கே ஒருமுறையாவது விழுவார்கள். ஒரு போர்ட் ஒரே ஒரு கேபிளில்தான் முடியும் என்று விதி எழுதுகிறீர்கள். தரவு ஏற்றுபவர் கைதவறி போர்ட்-7-ஐ கேபிள்-12 என்று ஓரிடத்திலும் கேபிள்-21 என்று இன்னோர் இடத்திலும் பதிந்துவிட்டார். ரீசனர் (எழுதிய விதிகளிலிருந்து புதிய செய்திகளை ஊகிக்கும் நிரல்) பிழை என்று சொல்லும் என்று எதிர்பார்ப்பீர்கள். சொல்லாது. ஒரு போர்ட்டுக்கு ஒரு கேபிள்தான், இங்கே இரண்டு பெயர் இருக்கிறது, ஆகவே கேபிள்-12-உம் கேபிள்-21-உம் ஒரே கேபிளின் இரண்டு பெயர்கள் என்று முடிவுக்கு வரும். அதன் பிறகு 12 கிடக்கும் டக்டெல்லாம் 21-க்கும் சேர்ந்துவிடும். ஒரு தட்டச்சுப் பிழை வரைபடம் முழுக்கப் பரவிவிட்டது.

ரீசனர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அவுல் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது: எழுதாதது எல்லாம் பொய் ஆகாது, வேறு பெயர் என்பதால் வேறு பொருள் ஆகாது. ஊகிப்பதற்கு இது நல்ல தளம், தணிக்கைக்கு ஆகாது. தணிக்கைக்கு ஷாக்கிள் என்ற தனித் தரம் 2017-இல் வந்தது. 'ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதிகபட்சம் ஒரு கேபிள்', 'ஒவ்வொரு கேபிளுக்கும் குறைந்தது ஒரு டக்ட்' என்று அதில் எழுதினால், மீறும் வரியைப் பெயர் சொல்லிக் காட்டும். ஆகவே தரவு உள்ளே வரும் வாசலில் ஷாக்கிள், உள்ளே வந்த பிறகு ரீசனர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சொற்களை வரையப் ப்ரோட்டேஷே, சேமிக்க அப்பாச்சி ஜீனா, பைத்தானில் வேலை செய்ய ஆர்டிஎஃப்லிப். மூன்றுமே இலவசம். உங்கள் டீமுக்கு நியோ4ஜே (இன்னொரு வரைபடத் தரவுத்தளம்) பழக்கம் என்றால் அதிலேயே கட்டுங்கள், தணிக்கைக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: ஏன் விழுந்தது என்று கேட்பது

ஆர்டிஎஃப் வரைபடத்தைக் கேள்வி கேட்கும் ஸ்பார்க்கிள் மொழியில் ஒரு உறவின் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டால், அந்த உறவை எத்தனை படி வேண்டுமானாலும் தொடர்ந்து போ என்று பொருள். 'சார்ந்திருக்கிறது+' என்று ஒரே வரி. டக்டிலிருந்து சேவை வரை இடையில் ஐந்து அடுக்கு இருந்தாலும் பதில் வந்துவிடும். டக்ட்-பாலத்தை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ யார் சார்ந்திருக்கிறார்கள் என்பதை இப்படிக் கேட்கலாம். மாற்றுக் குழுக்களை மட்டும் தனியாக எண்ணிப் பார்க்கும் சிறு நிரல் ஒன்று வேண்டும்.

அலாரத்திலிருந்து காரணத்துக்குப் போவது எதிர்த்திசைப் பயணம். அந்த இரவையே எடுத்துக்கொள்வோம். லிங்க்-1, லிங்க்-2 இரண்டும் டவுன். லிங்க்-1 எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று ஏறிப் போங்கள்: போர்ட், கார்டு-3, ரூட்டர், கேபிள்-12, வழியில் உள்ள டக்டுகள். லிங்க்-2-க்கும் அப்படியே. இரண்டு பட்டியலிலும் இருப்பவை மூன்று: ரூட்டர், கார்டு-3, டக்ட்-பாலம்.

இப்போது ஒவ்வொன்றையும் விசாரியுங்கள். இது செத்திருந்தால் வேறு யார் யார் சேர்ந்து செத்திருக்க வேண்டும்? ரூட்டர் செத்திருந்தால் பிங்குக்குப் பதில் வராது. மேலாண்மை வழியில் பதில் வருகிறது, ஆகவே விடுதலை. கார்டு-3 செத்திருந்தால் அதே கார்டில் இருக்கும் போர்ட்-9-உம் விழுந்திருக்க வேண்டும். அது பச்சையில் இருக்கிறது, விடுதலை. டக்ட் அறுந்திருந்தால் இரண்டு லிங்க்கிலும் இரண்டு முனையிலும் ஒளி இழப்பு தெரிய வேண்டும். தெரிகிறது. சீனியர் போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இதில் அனுபவம் கற்றுத்தந்த ஒரு திருத்தம் உண்டு. கார்டு விஷயத்தில் 'ஒருவன் உயிரோடு இருக்கிறான், ஆகவே கார்டு நிரபராதி' என்பது ஓரளவு பலமான வாதம். டக்ட் விஷயத்தில் அது பலவீனம். ஜேசிபி மூன்று கேபிளில் இரண்டை மட்டும் இழுத்துக் கிழித்துவிட்டுப் போவது சாதாரணம். அதனால் 'இல்லை' என்ற சான்றுக்கு எல்லா வகுப்பிலும் ஒரே மதிப்பெண் கொடுக்கக் கூடாது. அந்த எடையையும் வரைபடத்திலேயே வகுப்போடு சேர்த்து எழுதிவையுங்கள்.

இன்னொன்று. அலாரம் வரவில்லை என்பதால் அது நலமாக இருக்கிறது என்று ஆகாது. அலாரம் வர வேண்டிய வழியே அறுந்திருக்கலாம். 'உயிர்', 'சாவு' என்று இரண்டு நிலை வைத்தால் போதாது, 'தெரியாது' என்று மூன்றாவது வேண்டும். எழுதாதது பொய் ஆகாது என்ற அவுலின் பிடிவாதம் நான்காம் படியில் தொல்லை கொடுத்தது. இங்கே அதுவே காப்பாற்றுகிறது.

சரி, இதையெல்லாம் ஒரு பெரிய மொழி மாடலிடம் கொட்டிக் கேட்டால் போதாதா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஷிப்டில் இருப்பவர் பேச்சு வழக்கில் கேட்பதை ஸ்பார்க்கிளாக மாற்றித் தர அதைப் பயன்படுத்துங்கள், அந்த வேலையில் கெட்டி. எந்தக் கேபிள் எந்த டக்டில் என்பதை மட்டும் அதன் நினைவில் விட்டுவைக்காதீர்கள்.

ஆறாம் படி: நோக்கத்தை எழுதுவது

கோளாறு என்றால் என்ன என்பதை நெட்வொர்க்குக்கு நாம்தான் சொல்ல வேண்டும். 'கட்டணச் சேவைக்கு எப்போதும் ஒரே டக்டைப் பகிராத இரண்டு பாதைகள் இருக்க வேண்டும்.' இது நோக்கம். எந்த ரூட்டர், எந்தக் கட்டளை என்று இதில் எதுவும் இல்லை. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9315 நோக்கத்தை இப்படித்தான் வரையறுக்கிறது: எதை அடைய வேண்டும் என்று சொல், எப்படி என்று சொல்லாதே.

நோக்கமும் வரைபடத்தில் இன்னொரு முனைதான். அதை 'பார்த்தது' பெட்டியோடு ஒப்பிட்டால் மீறல் தெரியும். டக்ட் விவரத்தோடு இந்த ஒரு வரியும் எங்களிடம் இருந்திருந்தால், அந்த இரவுக்குப் பல மாதம் முன்பே, எல்லா லிங்க்கும் பச்சையில் இருந்தபோதே, சிஸ்டம் சொல்லியிருக்கும்.

ஏழாம் படி: கையில் சாவியைக் கொடுப்பது

இதுவரை வரைபடம் பேசியது. இனி செய்யப் போகிறது. ஆபத்தில்லாத ஒரு செயலில் தொடங்குங்கள். ஒரு லிங்க்கில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வரும் தரவு) ஏறிக்கொண்டே போகிறது என்றால், அதை மூடாமல் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்டை (பாதைக்கான செலவு எண்) மட்டும் ஏற்றிவிட்டால் டிராஃபிக் தானாக வேறு பாதைக்குப் போய்விடும், லிங்க் உயிரோடு இருக்கும். செய்வதற்கு முன் வரைபடத்திடம் மூன்று கேள்வி: மீதிப் பாதையில் இடம் இருக்கிறதா, எந்த நோக்கமாவது உடையுமா, கடந்த ஒரு மணி நேரத்தில் இதே இடத்தில் வேறு யாராவது கை வைத்தார்களா.

மூன்றாவது கேள்வியை லேசாக எண்ண வேண்டாம். மொபைல் நெட்வொர்க்கில் தன்னை அமைத்துக்கொள்ளும் வசதிகள், மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபியின் ரிலீஸ் 8 முதல் உண்டு. ஹேண்டோவர் (போன் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) தவறுகளைக் குறைக்கும் செயலியும் செல்களுக்கிடையே சுமையைப் பகிரும் செயலியும் ஒரே ஹேண்டோவர் அளவைத்தான் திருகும். ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும். ஒவ்வொன்றும் தன் அளவில் சரி. எந்தச் செயல் எந்த அளவைத் தொடுகிறது என்பதையும் வரைபடத்தில் எழுதிவைத்தால், இந்த இழுபறி தொடங்கும்போதே பிடிபடும்.

செயலை அனுப்பும்போது நெட்கான்ஃபின் உறுதிப்படுத்தும் கமிட்டைப் பயன்படுத்துங்கள். மாற்றம் உடனே அமலுக்கு வரும், குறித்த நேரத்துக்குள் மறு உறுதி வராவிட்டால் ரூட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இயல்பு நேரம் 600 நொடி. நான் 120 வைக்கிறேன். திரும்புவது ரூட்டரின் வேலை என்பதால், நம் இணைப்பே அறுந்துபோனாலும் அது நடக்கும்.

அதோடு மொத்த வரம்பு ஒன்றும் வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க மறைந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு இணைப்புகள் அனைத்தையும் இறக்கிவிட்டது. அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். அவர்களுடைய டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) இடங்களில் ஒரு விதி இருந்தது: டேட்டா சென்டரை எட்ட முடியவில்லை என்றால் என் பக்கம்தான் கோளாறு, பிஜிபி அறிவிப்பை விலக்கிக்கொள்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல விதி. எல்லா இடமும் ஒரே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தபோது டிஎன்எஸ் மொத்தமாகவே இணையத்திலிருந்து காணாமல்போனது. 'என்னைப் போல எத்தனை பேர் இப்போது இதே முடிவை எடுத்திருக்கிறார்கள்?' என்ற கேள்விக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஒரே வகைச் செயல் குறித்த நேரத்தில் இரண்டு இடத்துக்கு மேல் வந்தால் தானியங்கி நின்று மனிதரை எழுப்ப வேண்டும்.

எட்டாம் படி: எப்போது கையை எடுப்பது

முதல் சில மாதம் வரைபடம் சொல்லட்டும், யாரும் கேட்க வேண்டாம். அது சொன்னதையும் ஷிப்டில் இருந்தவர் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்து வாருங்கள். வேறுபட்ட இடங்களில் பாதி வரைபடத்தில் உள்ள ஓட்டையாக இருக்கும், மீதி நம் அவசரமாக இருக்கும். அடுத்து, கேட்டுவிட்டுச் செய்யட்டும். ஒரு செயலுக்கு 'ஆம்' மட்டுமே தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அந்த ஒரு செயலை மட்டும் செய்துவிட்டுச் சொல்லும் நிலைக்கு உயர்த்துங்கள். ஒவ்வொரு செயலும் தனியாக ஏற வேண்டிய ஏணி இது. மொத்த சிஸ்டத்தையும் ஒரே நாளில் ஏற்றிவிட முடியாது.

மேலாண்மை வழியைத் தொடும் செயல்களை நான் இன்னும் மேலே ஏற்றவில்லை. ஏற்றும் எண்ணமும் இல்லை. ஃபேஸ்புக்கில் தனியாக வைத்திருந்த மேலாண்மை வழியும் அன்று கை கொடுக்கவில்லை, ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் மேலாண்மை நெட்வொர்க்கையும் அதே வரைபடத்தில் ஏற்றி, அதற்கும் ஒரு நோக்கம் எழுதினேன்: எந்தக் கருவியின் மேலாண்மை வழியும் அதன் தரவு வழியோடு டக்டைப் பகிரக் கூடாது. முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது வந்த மீறல் பட்டியலில் முதல் பெயர், நாங்கள் உட்கார்ந்திருந்த நாக் ரூமின் சொந்த ரூட்டர்.